தங்காளாக யார் ஆடுவது?

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் சென்ற ஆண்டுச் சந்திப்பில், பணி நிறைவு பெற்ற தமிழாசிரியை ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன் இம்மலரில் வெளியிடப்படுகிறது.)

பெருமதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களே, முன்னாள் மாணவர் சங்கத் தலைவர் அவர்களே, செயலர் அவர்களே, எனக்குப் பாடம் சொல்லித் தந்து இன்றும் முன் வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, என்னோடு 1982-இல் இளங்கலைத் தமிழ் முடித்து வெளியேறிய தோழியரே, நாற்காலி காலியாக இருந்தும் பின்னால் நின்றுகொண்டே கேட்கிற இந்நாள் மாணவ மாணவியரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

செயலர் தம்பி போனில் கூப்பிட்டு, "அம்மா, போன தடவை மாதிரியே சிலப்பதிகாரம் பேசிடுங்க" என்றார். இந்த முறை வீடியோ கேம் பற்றிப் பேசுகிறேன் என்றேன். ஒரு நிமிடம் லைனில் சத்தமே இல்லை. பிறகு, "அம்மா, உடம்பெல்லாம் சௌக்கியந்தானே?" என்று கேட்டார். (சிரிப்பு) சௌக்கியமாகத்தான் இருக்கிறேன். இரண்டு கோடை விடுமுறையாக என் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் ஆடுவதைப் பார்த்து, நானும் தட்டுத் தடுமாறி ஆடிப் பார்த்து, அதன் பிறகுதான் பேச வந்திருக்கிறேன். ரம்மி மாதிரி காசு வைத்து ஆடுகிற ஆட்டங்களை இதில் சேர்க்க வேண்டாம். அவற்றை 2025-இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. நான் பேசப்போவது கதை சொல்லுகிற ஆட்டங்களைப் பற்றி.

என் ஊர் மூலனூர். இங்கே பலருக்கும் தெரிந்த ஊர்தான். பருத்தி ஏலத்துக்கும் முருங்கைக்காய்க்கும் பேர் போனது. நான் பிறந்தபோது கோயம்புத்தூர் மாவட்டம். 1979-இல் பெரியார் மாவட்டம் ஆயிற்று, பிறகு அதுவே ஈரோடு மாவட்டம் என்று பெயர் மாறியது, 2009-இல் திருப்பூர் மாவட்டம். வீட்டை விட்டு நகராமலே இத்தனை மாவட்டம் பார்த்தவள் நான். என் பேத்தியைக் கேட்டால், "லெவல் மாறிட்டே இருக்குதுங்க அம்மாயி" என்பாள்.

அந்த ஊரில் 1971 வாக்கில், எனக்குப் பத்து வயது இருக்கும், கோயில் திடலில் பெட்ரோமாக்ஸ் விளக்கு வைத்து அண்ணன்மார் கதை பாடுவார்கள். உடுக்கடிப் பாட்டு. முன்பாட்டுக்காரர் உடுக்கையை ஆட்டிக்கொண்டு பாட, பின்பாட்டுக்காரர் "ஆமா" போட்டுக்கொண்டு நிற்பார். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் கோழி கூப்பிடும் வரை போகும், மறுநாள் ராத்திரி விட்ட இடத்தில் பிடிப்பார்கள். ஆம்பளைகள் முன்னால், பெண்கள் பின்னால், எங்களை மாதிரிப் பிள்ளைகள் அம்மாயி மடியில். கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு இந்தக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் பின்னால் நிற்கிற பிள்ளைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பொன்னிவளநாட்டில் குன்னுடையாக் கவுண்டர், தாமரை நாச்சியார். பிள்ளையில்லாமல் தாமரை தவம் செய்து பெற்ற மக்கள் பொன்னர், சங்கர் என்ற இரண்டு அண்ணன்மார். அவர்களோடு ஒரு தங்கை அருக்காணி நல்லதங்காள். தலையூர் காளி என்ற வேட்டுவத் தலைவனுடன் பகை. கொம்பன் என்ற காட்டுப் பன்றி. உடன் நிற்கிற சாம்பவன். கடைசியில் வீரப்பூர்க் காட்டில் போர், அண்ணன்மார் இருவரும் படுகளத்தில் மடிகிறார்கள். தங்கை தேடிப் போய் எழுப்புகிறாள். இன்றைக்கும் மணப்பாறைப் பக்கம் வீரப்பூரில் மாசித் திருவிழா நடக்கிறது. நம் பக்கத்துக் கோயில்களிலும் படுகளம் விழுந்து எழுப்புகிற சடங்கு உண்டு. கலைஞர் இதை நாவலாக எழுதினார், 2011-இல் அது சினிமாவாகவும் வந்தது.

பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானிடவியல் அறிஞர், 1965-இல் காங்கயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கி, இந்தக் கதை முழுவதையும் டேப்பில் பதிவு செய்தார். 1982-இல், அதாவது நாங்கள் இந்தக் கல்லூரியை விட்டு வெளியேறிய அதே ஆண்டு, அதைப்பற்றி ஒரு புத்தகம் போட்டார். அந்தப் புத்தகத்தின் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'மூன்று இரட்டையர்'. இரட்டையர் என்றால் இரண்டு பேர்தானே, மூன்றாவது யார்? தங்காள்தான். நம் ஊர்க்காரர்கள் 'அண்ணன்மார் கதை' என்று பேர் வைத்துவிட்டுப் போனதில் காணாமல் போன மூன்றாவது ஆளை, எங்கிருந்தோ வந்த ஒரு பெண்மணி தலைப்பிலேயே கொண்டுவந்து நிறுத்தினார்.

இனி கேம்களுக்கு வருகிறேன்.

நான் முப்பத்து நான்கு வருடம் இலக்கணம் நடத்தியவள். எதைப் பார்த்தாலும் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று பிரிக்காமல் இருக்க முடியாது. 'முருகன் பள்ளியைப் பெருக்கினான்.' பெருக்கியவன் யார்? முருகன், எழுவாய். எதைப் பெருக்கினான்? பள்ளியை, செயப்படுபொருள். வீடியோ கேம் என்பது, என் கணக்கில், எழுவாயின் இடத்தை ஆடுகிறவர் கையில் கொடுக்கிற கதை. உடுக்கைப் பாட்டில் சங்கர் பன்றியைக் கொன்றான் என்று கேட்போம். கேமில், 'நான் கொன்றேன்'. தன்மை ஒருமை. கதை கேட்பதற்கும் கேம் ஆடுவதற்கும் உள்ள பெரிய வித்தியாசமே இந்த விகுதி வித்தியாசம்தான். கதையைத் திறக்கிற சாவி வினைச்சொல். குதி, ஓடு, சுடு, எடு, பேசு என்று என்னென்ன வினைகளை ஆடுகிறவருக்குக் கொடுக்கிறார்களோ, அதற்குள்தான் அந்தக் கதை நடக்கும். சுடுகிற பொத்தான் மட்டும் இருக்கிற கேமில், எதிரே வருகிறவனிடம் சமாதானம் பேசலாம் என்று நமக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும் பேச முடியாது.

இப்போது அந்த எழுவாய் யார் என்று பாருங்கள். 1981-இல் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 'டாங்கி காங்' என்று ஒரு ஆட்டம் போட்டது. ஒரு பெரிய குரங்கு ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு கட்டட உச்சிக்குப் போய்விடும். ஒருத்தன் பீப்பாய்களைத் தாண்டித் தாண்டி மேலே ஏற வேண்டும். அவன்தான் பிற்பாடு மரியோ. 1985-இல் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்'. இளவரசியை ஒரு கோட்டையில் அடைத்திருக்கிறார்கள். கஷ்டப்பட்டு ஒரு கோட்டையைப் பிடித்தால், இளவரசி இங்கே இல்லை, வேறு கோட்டையில் இருக்கிறாள் என்பார்கள். இப்படி ஏழு கோட்டை ஏமாந்து எட்டாவதில்தான் அவள் கிடைப்பாள். 'மரியோ இளவரசியை மீட்டான்.' இளவரசிக்கு அந்த ஆட்டம் முழுவதும் ஒரே ஒரு வேலை, இரண்டாம் வேற்றுமை உருபு ஏற்று நிற்பது. (சிரிப்பு)

1986-இல் வந்த 'லெஜெண்ட் ஆஃப் செல்டா' இதைவிட வேடிக்கை. செல்டா என்பது இளவரசியின் பெயர். தலைப்பே அவள் பெயரில். ஆனால் ஆடுவது லிங்க் என்கிற பையனாக. அந்த முதன்மைத் தொடரில் செல்டாவையே நாயகியாக வைத்து, அவளாகவே ஆடுகிற கதை வந்தது 2024-இல். முப்பத்தெட்டு வருடம்! தங்காளுக்காவது தலைப்பில் பேர் இல்லை, கதையில் வேலை உண்டு. செல்டாவுக்குத் தலைப்பில் பேர் உண்டு, வேலை இல்லை. எது தேவலாம் என்று தோழியர் சாப்பாட்டு நேரத்தில் விவாதித்துக்கொள்ளலாம்.

அதே 1986-இல் 'மெட்ராய்டு' என்றொரு கேம். கவசம் போட்ட ஒரு போர்வீரர் ஒரு கிரகத்துக்குப் போய்ச் சண்டை போடுவார். ஆங்கிலக் கையேட்டில் அவரை 'அவன்' என்றே எழுதியிருந்தார்கள். கடைசி வரை ஆடி வேகமாக முடித்தவர்களுக்குத் தலைக்கவசம் கழன்று, உள்ளே இருப்பது பெண் என்று தெரியும். என்ன அருமையான திருப்பம்! நான் கேட்டதும் கைதட்டிவிட்டேன். பேத்தி, "இருங்க அம்மாயி, அவசரப்படாதீங்க" என்றாள். இன்னும் சீக்கிரம் முடித்தால் என்ன பரிசு தெரியுமா? அந்த அம்மாள் இன்னும் குறைச்சலான உடுப்பில் வந்து நிற்பாள். எழுவாயாக இருந்தவளைக் கடைசிப் பக்கத்தில் பரிசுப்பொருள் ஆக்கிவிட்டார்கள்.

2005-இல் ஒரு சமாதானம் செய்து பார்த்தார்கள். இந்த முறை மரியோ பிடிபட்டுப் போவான், இளவரசி பீச் போய் மீட்பாள். சரி, அவளுக்கு என்ன ஆயுதம் கொடுத்தார்கள்? நாலு உணர்ச்சிகள். சந்தோஷம், கோபம், அழுகை, அமைதி. அழுதால் கண்ணீர் அருவியாய்க் கொட்டி நெருப்பு அணையும், செடி வளரும். இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பு வந்தது. எங்கள் மூலனூர் மானாவாரிக் காட்டுக்கு அந்த அம்மிணி ரெண்டு நாள் வந்துவிட்டுப் போனால் நல்லது. (பலத்த சிரிப்பு)

1996-இல் 'டூம் ரைடர்' வந்தது. லாரா கிராஃப்ட் என்கிற பெண் கையில் துப்பாக்கியோடு குகைகளுக்குள் போகிறாள். அவளுடைய உடம்பை வரைந்த விதம் யாருடைய கண்ணுக்காக என்பதைப் பெரியவர்கள் முன்னால் நான் விவரிக்க வேண்டாம். 2013-இல் அதே லாராவை வைத்துப் புதுக் கதை செய்தபோது ரியானா பிராட்செட் என்ற பெண் எழுத்தாளர் எழுதினார். பயப்படுகிற, அடிபடுகிற, மெல்ல மெல்லத் துணிகிற இளம் பெண்ணாக அவள் மாறினாள். எழுதுகிற கை மாறினால் எழுவாயும் மாறுகிறது. கை என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். படங்களோடு கதை சொல்லும் சாகச கேம்களுக்கு வழி திறந்தவரே ராபர்ட்டா வில்லியம்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணிதான். 1980-இல், கணவர் புரோகிராம் எழுத, வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து இவர் கதையை அமைத்தார். 1988-லேயே தம் தொடர் ஒன்றில் பெண்ணை நாயகியாக வைத்தார். இந்தத் துறையில் பெண்கள் புதிதாக வந்து இடம் கேட்கிறார்கள் என்று யாராவது சொன்னால், நம்ப வேண்டாம்.

நம் நாட்டுக்கு வருவோம். 2020-இல் புனே நகரத்துச் சிறிய குழு ஒன்று 'ராஜி' என்று ஒரு கேம் செய்தது. ராஜி என்ற பெண்ணின் தம்பி கோலுவை அசுரர்கள் தூக்கிப் போய்விடுகிறார்கள். அக்கா போய்த் தேடுகிறாள். கதையை விஷ்ணுவும் துர்க்கையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே வருவார்கள். எனக்கு உடனே முன்பாட்டும் பின்பாட்டும் ஞாபகம் வந்துவிட்டது. மீட்கப்பட வேண்டியவன் பையன், மீட்பவள் பெண். இதில் என்னங்க புதுமை? படுகளத்துக்கு அண்ணன்மாரைத் தேடிப் போன தங்காள் செய்தது வேறென்ன?

2023 ஜூலையில் வந்தது 'வெண்பா'. ஆமாம், நம்ம வெண்பாதான். கனடாவில் டொராண்டோவிலுள்ள தமிழ் இளைஞர் ஒருவரின் குழு செய்தது. 2024-இல் சுயாதீன கேம்களுக்கான விழாவின் தலைமைப் பரிசையும், பிரிட்டனின் பாஃப்டா விருதில் முதல் படைப்புக்கான பரிசையும் வாங்கியது. ஒன்றரை மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம். 1988-இல் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன ஒரு தம்பதி, வெண்பாவும் பாவலனும். அவர்களுக்குக் கவின் என்றொரு மகன் பிறக்கிறான். பள்ளிக்கூடத்தில் நம்ம சாப்பாட்டைத் திறக்கக் கூச்சப்படுகிற பையன். இதில் நீங்கள் சுட வேண்டாம், குதிக்க வேண்டாம். இட்லி ஊற்ற வேண்டும், புட்டு அவிக்க வேண்டும். வெண்பாவின் அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பு நோட்டில் எழுத்து அழிந்து, தாள் கிழிந்து கிடக்கும். விட்டுப்போன படியை நாமே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்க வேண்டும் என்பதுதான் முதல் புதிர். இதை நான் ஒரே தடவையில் போட்டுவிட்டேன். பேத்திக்கு மூன்று தடவை ஆயிற்று. அன்று முழுக்க அவள் என்னைப் பார்த்த பார்வையே வேறு.

முதலில் எனக்கு ஒரு நெருடல் இருந்தது. அடடா, உலகமே ஆடுகிற கேமில் ஒரு தமிழ்ப் பெண்ணை எழுவாயாக வைத்தார்களே, அவளையும் கொண்டுபோய் அடுப்படியில்தானா வைக்க வேண்டும்? ஆடி முடித்ததும் அந்த நெருடல் பாதி போயிற்று, பாதி இன்னும் இருக்கிறது. போன பாதி ஏனென்றால், நாற்பது வருடம் நான் செய்த வேலையை அறிவு வேண்டிய வேலை என்று ஒரு ஆட்டம் முதல் முறையாகச் சொன்னது. தப்பாக அடுக்கினால் இட்லி வேகாது, யோசி என்றது. இன்னொன்று, கதை பாதிக்கு மேல் போனதும் ஆடுகிற இடம் மகனுக்கு மாறுகிறது. பெரியவனான கவின் கரண்டி பிடிக்கிறான். பாட்டியின் தமிழ்க் குறிப்பை அவனால் சரியாக வாசிக்க முடியாது, நம் கண்ணுக்கும் அந்த எழுத்து மங்கித் தெரியும். ஒரு தமிழாசிரியை என்ற முறையில் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. தமிழ் அழிகிறது என்று எத்தனை பட்டிமன்றம் பேசியிருப்போம்! அது என்ன மாதிரி இருக்கும் என்று கண்ணுக்குக் காட்டியது அந்த ஒரு காட்சி. போகாத பாதி நெருடலை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவும் பேசியது இதைச் சொல்லத்தான்.

என் மகள் திருப்பூரில் வாக்கப்பட்டிருக்கிறாள். மாப்பிள்ளை சின்னதாகப் பவர் டேபிள் யூனிட் வைத்திருக்கிறார். அங்கே பெண்கள் செக்கிங், கைமடி. கட்டிங் டேபிளிலும் அயர்னிலும் ஆண்கள். யாரும் சட்டம் போடவில்லை, அப்படியே அமைந்துவிட்டது. பேத்தி இப்போது பிளஸ் டூ. ரெண்டு வருடத்துக்கு முன்னால் கோடை விடுமுறையில் மூலனூர் வந்தவள், நாலு பேர் கூட்டுச் சேர்ந்து போனில் ஆடுகிற ஏதோ ஒரு சுடுகிற ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தாள். மற்ற மூன்று பேரும் சளசளவென்று பேசுகிறார்கள், இவள் வாயே திறக்கவில்லை. திரையில் இவளுக்கு ஒரு பையன் பெயர்.

"ஏங்கண்ணு, நீ பேசமாட்டீங்கறே?"

"பேசுனா பொண்ணுன்னு தெரிஞ்சு போயிருமுங்க அம்மாயி."

"தெரிஞ்சா என்ன?"

அவள் பதில் சொல்லவில்லை. பிறகு மகள் சொல்லித்தான் தெரியும். ஒரு தடவை மைக் ஆன் ஆகி இருந்ததை மறந்து பேசிவிட்டாளாம். அன்று அவர்கள் சொன்ன வார்த்தைகளை அவள் தன் அம்மாவிடம் கூடச் சொல்லவில்லை, நோட்டில் எழுதிக் காட்டியிருக்கிறாள். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதைக் கேட்டதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அந்தக் கருமத்தை விட்டுரு அம்மிணி. பொட்டப்புள்ளைக்கு அதெல்லாம் எதுக்கு?"

சொன்ன வாயை மூடுவதற்குள் எனக்கு வேறொரு குரல் கேட்டுவிட்டது. பத்து வயதில், பாட்டு முடிந்த ஒரு விடியற்காலை, நான் அந்த முன்பாட்டுக்காரர் முன்னால் போய் நின்று, எனக்கும் உடுக்கை சொல்லித் தாங்க என்று கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை, என் தலையைத் தடவித்தான் சொன்னார். பொட்டப்புள்ளை உடுக்கையத் தொட்டா சாமி எறங்காது, உனக்கு எதுக்கு அம்மிணி அதெல்லாம் என்று. எங்கள் அப்பாருக்கு விஷயம் தெரிந்து, அடுத்த வருடத்திலிருந்து பாட்டுக் கேட்கப் போவதும் நின்றது. தங்காள் அண்ணன்மாரை எழுப்புகிற ராத்திரியை நான் முழுசாகக் கேட்டதே இல்லை. பிற்பாடு புத்தகத்தில்தான் படித்தேன்.

இவளுக்கு நேர்ந்தது இவள் ஒருத்திக்கு நேர்ந்ததில்லை. அனிதா சர்க்கீசியன் என்ற பெண், கேம்களில் பெண்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று 2013 முதல் வீடியோக்கள் வெளியிட்டார். முதல் வீடியோவே அந்த இளவரசிக் கதைதான். 2014 அக்டோபரில் அமெரிக்காவில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பேசுவதாக இருந்தது. பேச விட்டால் சுட்டுத் தள்ளுவோம் என்று மிரட்டல் வந்தது. அந்த மாநிலச் சட்டப்படி அரங்கத்துக்குள் துப்பாக்கி கொண்டுவருவதைத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும், அவர் பேச்சை ரத்து செய்தார். இதே மாதிரி ஒரு மேடை, இதே மாதிரி மாணவர்கள். நான் இன்று நிம்மதியாக நின்று இதைப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு பேத்திக்கு அண்ணன்மார் கதை சொன்னேன். முழுசும் சொன்னேன். வீரப்பூர்க் காட்டுக் கிளி வேண்டும் என்று தங்காள் கேட்டது, கெட்ட கனாக் கண்டு எச்சரித்தது, அண்ணன்மார் கேட்காமல் போனது, எல்லாம். அவள் கேட்ட முதல் கேள்வி: "அப்ப தங்காளாத்தான் ஆடணும், இல்லீங்களா?"

எனக்கு அந்தக் கேள்வி புரியவே சற்று நேரம் ஆயிற்று. இதைக் கேமாகச் செய்தால் ஆடுகிறவர் யாராக ஆடுவது என்று கேட்கிறாள். சங்கர் என்பதுதான் யார் வாயிலும் வரும். பன்றி இருக்கிறது, போர் இருக்கிறது. இவள் சொல்கிறாள், அண்ணன்மாருக்கு வெட்டு, குத்து, கொல்லு என்று மூணே வேலைதான். தங்காளுக்கு எத்தனை இருக்குது பாருங்க என்று. நான் இலக்கண வாத்தியார், உடனே விரல் விட்டேன். கேட்டாள், கனாக் கண்டாள், தடுத்தாள், அழுதாள், சபித்தாள், எரித்தாள், நடந்தாள், தேடினாள், எழுப்பினாள். அம்பது வருடமாகத் தெரிந்த கதையில் பயனிலைகள் எல்லாம் யார் பக்கம் குவிந்து கிடக்கின்றன என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

இரண்டாவது கேள்வியில்தான் என்னை மடக்கிவிட்டாள். பல பாடகர்கள் பாடுகிற வடிவத்தில், அண்ணன்மார் மடிந்த பிறகு தங்காள் அரண்மனைக்கு நெருப்பு வைக்கிறாள். உள்ளே அண்ணிமார் இரண்டு பேரும் கருகிப் போகிறார்கள். கட்டிய நாளிலிருந்து கணவனோடு வாழாமல், தனி மாளிகையில் அடைந்து கிடந்தவர்கள்.

"அந்த அண்ணிக ரெண்டு பேரும் என்ன தப்புப் பண்ணுனாங்க அம்மாயி?"

கண்ணகி மதுரையை எரித்ததை முப்பத்து நான்கு வருடம் பாடம் நடத்தியவளிடம் இதற்குப் பதில் இல்லை. பெண்ணை எழுவாயாக வைத்தால் அவள் செய்த பாவமும் அவள் கணக்கில்தானே வரும்? இளவரசியைக் கோட்டையில் வைத்திருந்த வரை அவள் நல்லவளாக இருப்பது சுலபம், அவள்தான் ஒன்றுமே செய்யவில்லையே.

பேத்தி ஒரு நோட்டுப் போட்டிருக்கிறாள். நாற்பது பக்கம் வரைந்துவிட்டாள். அண்ணன்மார் குதிரையேறிப் போன பிறகு ஆட்டம் தொடங்குகிறது. அவர்கள் சாவதை ஆடுகிறவரால் தடுக்க முடியாது, அது கதையில் எழுதிய எழுத்து. தங்காள் கண்ட கனாவின் துண்டுகள்தான் வழிகாட்டும் வரைபடம். ஒரு அண்ணி உள்ளே சுவரைப் பிடித்து நிற்கிற மாதிரி ஒரு படம். வாசலில் தங்காள், கையில் பந்தம். இங்கே இரண்டு பொத்தான், ஒன்று பந்தம், ஒன்று தாழ்ப்பாள். தாழ்ப்பாளைத் திறந்தால் மூன்று பெண்களாகப் படுகளத்துக்கு நடப்பார்கள். உடுக்கைச் சத்தம் எங்கே வேகம் பிடிக்கும், எங்கே நிற்கும் என்று ஓரத்தில் குறித்திருக்கிறாள். அதை மட்டும் நான் சொல்லிக் கொடுத்தேன். தொடவில்லையே தவிர, அந்தத் தாளம் எனக்கு மறக்கவில்லை.

இவளுக்கு இதைப் படிக்க வேண்டும். டிசைன் பட்டப் படிப்பு, அதற்கு மேல் கேம் டிசைன். என்.ஐ.டி.யில் கேம் டிசைனுக்கென்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது. வீட்டில் பேச்சு நடந்தது. பி.காம். சேர்ந்தால் யூனிட் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம், கேம் படித்தவளை எந்த வீட்டில் எடுப்பார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். அவர் கவலை நியாயமானது என்பதால்தான் நான் அன்று வாதாடவில்லை. மகள் ஒரு பக்கமும் பேசவில்லை. இந்த அக்டோபரில் அவள் என்னிடம் தனியாக வந்து, யூசீட் நுழைவுத்தேர்வுக்கு விண்ணப்பிக்க நாலு நாள்தான் இருக்குதுங்க என்றாள். என் பென்ஷன் பணத்திலிருந்து கட்டணத்தைக் கட்டிவிட்டேன்.

இது மாப்பிள்ளைக்குத் தெரியாது. அதாவது, இந்த நிமிடம் வரை தெரியாது. அவரும் இந்தக் கல்லூரி மாணவர்தான், 1999 பி.காம். அதோ, மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். (சிரிப்பு, நீண்ட கைதட்டல்) வீட்டில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, நூறு பேர் முன்னால் சொல்லுகிறேன். நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சாப்பாடு முடியும் வரை பொறுத்துக்கொள்ளுங்கள், இலை போட்டுவிட்டார்கள்.

மாப்பிள்ளை, தேர்வு வருகிற ஞாயிற்றுக்கிழமை, கோயம்புத்தூரில். காலையில் ஏழு மணிக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும். மூலனூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து நானே கூட்டிக்கொண்டு போய்விடுவேன். நீங்கள் வண்டி எடுத்தால் கொஞ்சம் சௌகரியமாக இருக்கும்.

வணக்கம்.